கண்டவர் யார்? – பிரித்தானிய வீதிப் போக்குவரத்துச் சட்டத்திற் சாட்சியமும் வர்க்கமும்

வீதியில் விபத்தொன்று நிகழ்ந்து முடிந்தபின் அவ்விடத்துக்கு வந்துசேரும் பொலிஸ் உத்தியோகத்தர், வாகனம் ஓடியதைத் தாம் காணாதிருந்தும், சாரதிக்குத் தண்டச் சீட்டு எழுதிக் கொடுப்பதுண்டு. சாரதி அதனை ஏற்க மறுத்து நீதிமன்றஞ் செல்வாராயின் அங்கு எழும் முதல் வினா எளிமையானது: கண்டவர் யார்? வாகனம் ஓடியதையோ, அது ஓடிய வேகத்தையோ, அதனை ஓட்டியவரையோ கண்டவர் எவருமில்லையெனின் எதனை ஆதாரமாகக் கொண்டு தண்டம் விதிப்பது? சிறு தண்டமொன்றைப் பற்றிய இவ்வினாவின் பின்னால், அரசு குடிமகன்மீது குற்றஞ்சாட்டும்போது எதனை எண்பிக்க வேண்டும், யாருடைய சொல்லை நம்ப வேண்டும் என்ற பெரியதொரு வினா மறைந்துள்ளது.

'சாட்சி' என்னும் சொல் வடமொழியிற் கண்ணோடு தொடர்புடைய அடியிலிருந்து பிறந்தது. கண்ணாற் கண்டவன் என்பதே அதன் பொருள். பழந்தமிழில் இதற்குக் 'கரி' என்ற சொல் வழங்கிற்று. கண்டவனது சொல்லே வழக்கைத் தீர்க்கும் என்ற எண்ணம் பல சமூகங்களுக்கும் பொதுவானது. ஆயினும் எவனுடைய கண் நம்பத்தக்க கண், எவனுக்கு எதிராக அது நம்பப்படும் என்பன எல்லாச் சமூகங்களிலும் எல்லாக் காலங்களிலும் ஒரே வகையில் விடை காணப்பட்டவையல்ல. நியாய உணர்வின் படிமுறை வளர்ச்சியாகவே சாட்சிய விதிகளின் வரலாற்றைச் சட்ட நூலாசிரியர் பெரும்பாலும் எழுதுவர். அவ்வளர்ச்சியை முற்றாக மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. குற்றவாளிக் கூண்டில் நின்றவர் எவ்வர்க்கத்தினர் என்பதற்கேற்பப் பொலிஸ்காரரது கண்ணின் பெறுமதி கூடியுங் குறைந்தும் வந்துள்ளது என்பதைப் பிரித்தானிய வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் வரலாற்றைக் கொண்டு காட்டுவதும், அவ்வாறு காட்டியபின் அவ்விதியை நாம் எவ்வாறு மதிப்பிடுவது என ஆராய்வதுமே இதன் நோக்கம்.

1. வேகத்தைக் காணுதல்

1865ஆம் ஆண்டின் சட்டம், இயந்திர வண்டிகளின் வேகத்தைக் கிராமப்புறத்தில் மணிக்கு 4 மைல் எனவும் நகர்ப்புறத்தில் 2 மைல் எனவும் வரையறுத்தது. வண்டிக்கு முன்னால் ஒருவர் செங்கொடி ஏந்தி நடந்து செல்லவும் வேண்டியிருந்தது. நீராவி வண்டிகளை மனத்திற்கொண்டு இயற்றப்பட்ட இச்சட்டம் 1896ஆம் ஆண்டு நவம்பரிற் புதிய மோட்டார் வண்டிகளைப் பொறுத்தவரை நீக்கப்பட்டு, வேக எல்லை 14 மைலாக உயர்த்தப்பட்டது. நடைமுறையில் அது 12 மைலாக அமைந்தது.

இம்மாற்றத்துக்குச் சில மாதங்கள் முன்னர், 1896 ஆகஸ்ட் 17ஆந் திகதி, இலண்டன் கிறிஸ்டல் பலஸ் மைதானத்தில் மோட்டார் வண்டி மோதி ஒரு பெண் இறந்தார். குரோய்டனைச் சேர்ந்த தொழிலாளி ஒருவரின் மனைவி அவர். பிரித்தானியாவில் மோட்டார் காரினாற் கொல்லப்பட்ட முதற் பாதசாரியாக அவர் வரலாற்றில் இடம்பெறுகிறார். மரண விசாரணையில் வண்டியின் வேகம் பற்றி ஒன்றுக்கொன்று முரணான கூற்றுக்கள் வெளிவந்தன. தீயணைப்பு வண்டி விரைவதுபோல் அது விரைந்து வந்ததெனக் கண்டவர் ஒருவர் கூறினார். மணிக்கு 4 மைல் வேகத்தில் மட்டுமே சென்றதாகச் சாரதி கூறினார். யூரிமார் அதனைத் தற்செயலான மரணம் எனத் தீர்த்தனர்.

இவ்விசாரணை இரு உண்மைகளை நமக்கு உணர்த்துகின்றது. ஒன்று, வேகம் என்பது கண்ணுக்கு நேரே புலப்படும் பொருளன்று. தூரத்தையுங் காலத்தையும் ஒப்பிட்டு மனம் பெறும் முடிவே அது. குதிரையின் ஓட்டத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு பழகிய கண்ணுக்கு மோட்டார் வண்டியின் வேகம் மதிப்பிட முடியாத புதுமையாயிருந்தது. மற்றையது, வேகத்தைப் பற்றிய கருத்து, கருத்துக் கூறுபவர் வண்டியின் உள்ளே இருந்தாரா, வீதியில் நின்றாரா என்பதைப் பொறுத்தது. வண்டியின் உள்ளே இருந்தவர் யார், வீதியில் நடந்தவர் யார் என்பது 1896இல் வர்க்கத்தாற் பெரிதும் நிர்ணயிக்கப்பட்டிருந்தது.

2. அலைந்து திரிபவனுங் காரோட்டியும்

1903ஆம் ஆண்டின் மோட்டார் கார்ச் சட்டம் வேக எல்லையை 20 மைலாக உயர்த்தியது. இலக்கத் தகட்டையுஞ் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் அறிமுகஞ் செய்தது. அதன் 9ஆம் பிரிவில் இரு பாதுகாப்புக்கள் இடம்பெற்றன. வேகத்தைப் பற்றி ஒரே சாட்சி கூறும் அபிப்பிராயத்தை மட்டுங் கொண்டு எவரையுங் குற்றவாளியாகக் காணலாகாது என்பது ஒன்று. வழக்குத் தொடரப்படும் என்று அவ்விடத்திலேயே எச்சரிக்கப்பட்டிருக்க வேண்டும். அன்றேல் 21 நாட்களுக்கு மேற்படாத நியாயமான காலத்துள் அறிவித்தல் அனுப்பப்பட்டிருக்க வேண்டும் என்பது மற்றையது. தனது ஓட்டத்தை மறவாதிருக்கையிலேயே எதிர்வாதத்துக்கு வேண்டியவற்றைத் திரட்டிக்கொள்ளச் சாரதிக்கு வாய்ப்பளிப்பது இதன் பயன். தனித்து நோக்கின் இவை இரண்டும் நியாயமான விதிகளே. ஆனால் அவற்றைத் தனித்து நோக்கலாகாது.

இதே நாட்டில், இதே நீதவான்கள் முன்னிலையில், மற்றொரு சட்டமும் நடைமுறையில் இருந்தது. 1824ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, தொழிலின்றிப் பிச்சையெடுத்துத் திரிபவரென ஒருவரைச் சிறையிடுவதற்கு நீதவான் தாமே கண்டிருத்தல், அல்லது எதிரி தாமே ஒப்புக்கொள்ளல், அல்லது நம்பத்தக்க சாட்சி ஒருவர் சத்தியஞ் செய்து கூறல் போதுமானது. 4ஆம் பிரிவு, குற்றஞ்செய்யும் நோக்கத்துடன் நடமாடும் சந்தேகத்துக்குரியவர்களையும் உள்ளடக்கியது. தண்டனை மூன்று மாதக் கடூழியச் சிறைவரை செல்லக்கூடியது. 1871ஆம் ஆண்டின் திருத்தமொன்று இதனையும் விஞ்சியது. எதிரி இன்ன செயலைச் செய்தார் என எண்பிக்க வேண்டியதில்லை. சூழ்நிலையையும் அவரைப் பற்றி அறியப்பட்ட நடத்தையையுங் கொண்டே அவரது நோக்கத்தை ஊகித்துக்கொள்ளலாம் என்றது அது.

இவ்விரு சட்டங்களையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து முரண்பாடு தெளிவாகின்றது. வேலையற்ற தொழிலாளியொருவனின் மனத்தில் மறைந்திருக்கும் நோக்கத்தை ஒரு பொலிஸ்காரரது கண் தனித்துக் காண வல்லது. ஆனால் வீதியில் எல்லோர் முன்னிலையிலும் ஓடும் காரின் வேகத்தை அதே கண் தனித்துக் காண வல்லதன்று. முன்னையதற்குச் சிறையே தண்டனையாயிருக்க ஒரு சாட்சி போதும். பின்னையதற்கு, முதற் குற்றமாயின் 10 பவுணுக்கு மேற்படாத தண்டப்பணமே தண்டனையாயிருக்க, ஒருவரது அபிப்பிராயம் போதாது. வேகம் அளவிடப்பட வேண்டியது, நோக்கம் அவ்வாறன்று என்று இதற்குத் தருக்கரீதியான விளக்கங் கூறலாம். அவ்விளக்கத்தில் ஓரளவு உண்மையுமுண்டு. எனினும் அளவிட முடியாத ஒன்றுக்குக் கூடிய சாட்சியமன்றோ வேண்டப்படல் வேண்டும்?

எங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை பற்றிய நூலிலேயே இந்நிலையைச் சுட்டிக்காட்டியுள்ளார். வசதிபடைத்தவர் நீதவான் முன் கொண்டுவரப்படும்போது அவருக்கு நேர்ந்த சிரமத்துக்காக நீதிமன்றம் வருந்துகின்றது. ஏழையின் எதிர்வாதமோ கேட்கப்படுமுன்னரே தள்ளப்படுகின்றது. எதுவும் எண்பிக்கப்படாவிடினும் அலைந்து திரிபவன் என்ற பெயரில் அவன் சிறைக்கு அனுப்பப்படுகின்றான் என்பது அவரது அவதானிப்பு. 1903ஆம் ஆண்டுவரை கீழ் நீதிமன்றங்களிற் பொலிஸ்காரரது சொல்லை எதிர்த்து நின்றவர் பெரும்பாலும் சொல்லுக்கு மதிப்பற்றவராகவே இருந்தனர். மோட்டார் கார் வந்தபின்னரே, முன்னர் அந்நீதிமன்றங்களில் நீதவான் ஆசனத்தில் மட்டுமே காணப்பட்ட வர்க்கத்தினர் பெருந்தொகையாக எதிரிக் கூண்டில் ஏறலாயினர். பொலிஸ்காரரது கண் தவறக்கூடும் என்பதைச் சட்டம் எழுத்தில் ஏற்றுக்கொண்டதும் அப்பொழுதேயாகும்.

3. வேலியோரத்துக் கடிகாரம்

ஒரு சாட்சியின் அபிப்பிராயம் போதாதென்றபோது பொலிசார் இருவராக நின்றனர். அளந்து குறிக்கப்பட்ட வீதித் துண்டொன்றின் இரு முனைகளிலும் வேலிகளுக்கும் புதர்களுக்கும் பின்னால் மறைந்திருந்து, நிறுத்தற் கடிகாரத்தைக் கொண்டு கார் ஒரு முனையிலிருந்து மறுமுனையை அடையும் நேரத்தைக் கணித்தனர். இம்முறையிற் கார் புகுந்ததை ஒருவர் கண்டார்; அது வெளியேறியதை மற்றவர் கண்டார்; வேகத்தை எவருங் 'காணவில்லை'. இரு கண்களுக்கும் ஒரு கடிகாரத்துக்கும் இடையில் நிகழ்ந்த கணக்காகவே அது பிறந்தது. கடிகாரம் சரியானதா, தூரம் சரியாக அளக்கப்பட்டதா, சைகை உரிய கணத்திற் காட்டப்பட்டதா என்ற வினாக்கள் நீதிமன்றங்களை நிறைத்தன.

1905ஆம் ஆண்டு ஜூனில் இலண்டனிற் கூடிய காருடைமையாளர் சிலர் ஓட்டோமொபைல் அசோசியேசன் என்ற அமைப்பை நிறுவினர். இன்று பழுதடைந்த வாகனங்களுக்கு உதவும் நிறுவனமாக அறியப்படும் இவ்வமைப்பின் தொடக்க நோக்கம், பொலிசாரின் வேகப் பொறிகளைப் பற்றி உறுப்பினரை எச்சரிப்பதாகும். கூலிக்கு அமர்த்தப்பட்ட துவிச்சக்கர வண்டிக்காரர் பிறைற்றன் வீதியில் உலாவி, பொறி இருக்குமிடத்தை அறிந்து, வரும் கார்களுக்குச் சைகை காட்டினர். வீதியில் நின்று பொலிசாரின் வழக்குக்கு ஆளாகும் ஆபத்து அத்தொழிலாளருடையது. தண்டத்திலிருந்து தப்பும் நன்மை காருடைமையாளருடையது.

இவ்வெச்சரிக்கை பொலிஸ் கடமைக்கு இடையூறா என்பது மேல் நீதிமன்றம்வரை சென்றது. 1907ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் இடம்பெறும் பாஸ்டபிள் எதிர் லிட்டில் வழக்கில், எச்சரிக்கப்பட்ட கார்கள் அவ்வேளை வேக எல்லையை மீறின என்பதற்குச் சான்றில்லையாதலால் எச்சரித்தவர் குற்றவாளியல்லர் எனத் தீர்க்கப்பட்டது. 1910ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் இடம்பெறும் பெற்ஸ் எதிர் ஸ்டீவன்ஸ் வழக்கிலோ, கார்கள் ஏற்கெனவே வேக எல்லையை மீறிக்கொண்டிருந்தன. எச்சரிக்கையால் அவற்றின் வேகங் குறைந்து, பொலிசார் சான்று பெறுவது தடுக்கப்பட்டது. ஆதலால் எச்சரித்த தொண்டர் குற்றவாளியெனக் காணப்பட்டார். இதன்பின் அசோசியேசன் தனது முறையை மாற்றிக்கொண்டது. உறுப்பினரின் காரைக் காணுந் தொண்டர் வணக்கஞ் செலுத்துவது வழக்கம். அவர் வணக்கஞ் செலுத்தத் தவறின், காரை நிறுத்திக் காரணம் வினவுமாறு உறுப்பினருக்கு அறிவுறுத்தப்பட்டது. செய்யப்பட்ட சைகையைச் சட்டம் தண்டிக்கலாம். செய்யப்படாத வணக்கத்தை எவ்வாறு தண்டிப்பது? காணாததற்குச் சாட்சியில்லை என்ற விதியைப் பொலிசாருக்கு எதிராகவே திருப்பிய நுட்பம் இது. பணமும் வழக்கறிஞரும் ஒழுங்கமைப்பும் உடைய வர்க்கமொன்றுக்கே இத்தகைய நுட்பம் கைகூடும்.

4. இலக்கியந் தரும் சான்று

அக்கால ஆங்கில இலக்கியம் இம்மோதலைப் பதிவுசெய்த முறை நம் ஆராய்ச்சிக்குத் துணையாகின்றது. கெனத் கிரஹாம் 1908இல் வெளியிட்ட 'த விண்ட் இன் த வில்லோஸ்' என்னுஞ் சிறுவர் நூலில், கார்ப் பித்துக்கொண்ட தேரையார் வழக்கு மன்றில் நிறுத்தப்படுகிறார். கார் திருடியதற்கு 12 மாதம், வெறித்தனமாக ஓட்டியதற்கு 3 ஆண்டு, பொலிஸ்காரரிடந் துடுக்காகப் பேசியதற்கு 15 ஆண்டு எனக் கணக்கிடப்பட்டு, வரும் 19 ஆண்டும் முழு எண்ணாக 20 ஆக்கப்படுகின்றது. சிறுவர்க்கான நகைச்சுவையாயினும், கீழ் நீதிமன்றங்களில் உண்மையிற் பாதுகாக்கப்பட்டது எது என்பதை இக்கணக்கு வெளிப்படுத்துகின்றது. பொருளுக்குக் குறைந்த விலை, வீதியிற் செல்வோரின் உயிருக்குச் சற்றுக் கூடிய விலை, அதிகாரத்தின் மானத்துக்கே மிகக் கூடிய விலை.

இதனினும் முக்கியமானது பின்னர் நிகழ்வது. தேரையார் பெருமாளிகைக்கு உரிமையாளர், கிராமப்புறக் கனவான். சிறையிலிருந்து தப்புவதற்கு அவர் சலவைத் தொழிலாளப் பெண்ணின் உடையை அணிய வேண்டியேற்படுகின்றது. அவ்வுடையிற் புகையிரத நிலையத்துக்குச் செல்லும்போது பணப்பையை மறந்து வந்ததை உணர்கிறார். தாம் யாரென எடுத்துரைத்தும் சீட்டு வழங்குபவர் அவரது சொல்லை நம்ப மறுக்கிறார். ஆள் அதே ஆள். உடை மாறியவுடன் சொல்லின் பெறுமதியும் மாறிவிடுகின்றது. சாட்சியத்தின் வர்க்கத் தன்மையை இதைவிடச் சுருக்கமாகக் கூறுவது அரிது. வர்க்க விமரிசனம் கிரஹாமின் நோக்கமன்று. நூலின் கருத்துநிலை பழைமைபேணுவது. ஆயினும் எழுத்தாளரின் நோக்கத்தை மீறி யதார்த்தம் எழுத்திற் புலப்படுவதுண்டு.

றட்யாட் கிப்ளிங் தாமே கார்ப் பிரியர். அவரது 1917ஆம் ஆண்டுத் தொகுதியில் இடம்பெறும், உலகம் தட்டையென வாக்களித்த கிராமம் பற்றிய சிறுகதையில், வேகப் பொறியிற் சிக்கித் தண்டிக்கப்பட்ட சில கனவான்கள் அக்கிராமத்தையும் அதன் நீதவானையும் பழிவாங்குகின்றனர். அவர்கள் கையாளும் படைக்கலங்கள் நோக்கத்தக்கன: பத்திரிகை, இசைநாடக அரங்கு, பாராளுமன்றம். நாடெங்குஞ் சிரிக்கும்வரை அக்கிராமம் ஏளனஞ் செய்யப்படுகின்றது. கதையின் கனவான்களுக்கு நேர்ந்த அநீதி உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அநீதியை எதிர்ப்பதற்கான சாதனங்கள் யாவும் அவர்களிடமே குவிந்துள்ளன. அதே நீதவானாற் சிறைக்கு அனுப்பப்பட்ட நாடோடித் தொழிலாளிக்கு அவற்றுள் ஒன்றேனும் எட்டியதில்லை.

5. கருவி சாட்சியாதல்

1930ஆம் ஆண்டின் சட்டம் தனியார் கார்களுக்கான வேக எல்லையையே நீக்கிவிட்டது. 1934ஆம் ஆண்டிற் பிரித்தானிய வீதிகளில் 7,343 பேர் மாண்டனர். அவ்வாண்டே புதிய சட்டம் நிறைவேறி, 1935 மார்ச்சிலிருந்து குடியிருப்புப் பகுதிகளில் 30 மைல் எல்லை நடைமுறைக்கு வந்தது. காரோட்டியின் உரிமையை மட்டும் பேசும் வரலாறு இம்மரணங்களை மறைத்துவிடும். வேகச் சட்டத்தின் மறுபுறத்தில் நடந்து செல்வோரினதும், துவிச்சக்கர வண்டியில் வேலைக்குச் செல்வோரினதும், தெருவில் விளையாடும் தொழிலாளர் பிள்ளைகளினதும் உயிர் இருந்தது. ஆகையாற் சாட்சிய விதியின் வரலாறு காரோட்டிக்கும் அரசுக்கும் இடையிலான போராட்டமாக மட்டும் அமைவதன்று. மூன்றாவது தரப்பொன்றும் அதிலுண்டு. அத்தரப்பின் குரலே மிகக் குறைவாகக் கேட்கப்பட்டது.

இக்காலத்தில் நீதிமன்றங்கள் ஒரு-சாட்சி விதியைக் கூர்மைப்படுத்தின. 1938ஆம் ஆண்டின் பிறைற்றி எதிர் பியர்சன் வழக்கில், இரு பொலிசார் வெவ்வேறு நேரங்களிற் கண்ட வேகத்தைப் பற்றிச் சாட்சியமளித்தனர். ஒருவர் கண்டதை மற்றவர் காணவில்லையாதலால் ஒருவரது கூற்று மற்றவரது கூற்றை உறுதிப்படுத்தவில்லை எனக் கொள்ளப்பட்டது. 1950ஆம் ஆண்டின் நிக்கொலஸ் எதிர் பென்னி வழக்கு வேறொரு திசையைத் திறந்தது. பின்தொடர்ந்து சென்ற பொலிஸ் காரின் வேகமானியைப் பார்த்துக் கூறப்படுவது வெறும் அபிப்பிராயமன்று, அளவீட்டைப் பற்றிய சாட்சியம் என்றது நீதிமன்றம். ஆகவே அதனைக் கூறுபவர் ஒருவராயினும் குற்றத்தீர்ப்பு அளிக்கலாம். இரண்டாவது சாட்சியின் இடத்தைக் கருவி பெற்றுக்கொண்டது. பின்னர் வந்த ரேடாரும், 1992இல் இலண்டனில் முதலில் நிறுவப்பட்ட வேகக் கமராவும் இப்பாதையிலேயே வந்தன. தானியங்கிக் கமராவோடு காணும் மனிதர் முற்றாக நீங்கிவிட்டார். குறுக்கு விசாரணைக்கு உட்படுத்தக்கூடிய கண் இல்லாதபோது, கருவி அங்கீகரிக்கப்பட்டதா, முறையாகச் சோதிக்கப்பட்டதா என்பவையே எதிர்வாதத்துக்கு எஞ்சிய வழிகளாயின.

6. காணப்படாத ஓட்டம்

கமரா வாகனத்தைக் காண்கிறது; ஓட்டியவரைப் பெரும்பாலும் காண்பதில்லை. இவ்விடைவெளியை நிரப்பும் ஏற்பாட்டின் வித்து 1903ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. ஓட்டியவரை அடையாளங் காண உதவும் தகவலைக் கார் உரிமையாளர் தரவேண்டுமென அதன் 1ஆம் பிரிவு விதித்தது. கூலிச் சாரதிகளைக் கொண்டிருந்த உரிமையாளர் தம் வேலைக்காரனின் பெயரைக் கூறவேண்டும் என்பதே அன்றைய நிலையில் இதன் பெரும்பயன். கார் தொழிலாளர் குடும்பங்களையும் எட்டி, உரிமையாளரே சாரதியுமாகியபோது அதே ஏற்பாடு தன்மீதே தான் சாட்சி கூறும் கடமையாக மாறியது. எழுத்தில் விதி பெரிதும் மாறவில்லை. அதற்கு உட்பட்டவரின் வர்க்க அமைப்பே மாறியது.

தண்டச் சீட்டின் வரலாறும் இத்தகையதே. 1960ஆம் ஆண்டின் சட்டம் நிலையான தண்ட அறிவித்தலை அறிமுகஞ் செய்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் எழுதப்பட்ட முதற் சீட்டு, மாரடைப்புற்ற நோயாளியொருவருக்குச் சிகிச்சை அளித்துக்கொண்டிருந்த மருத்துவரின் காருக்கு எழுதப்பட்டது. பொதுமக்களின் எதிர்ப்பினால் அத்தண்டம் கைவிடப்பட்டது. ஓட்டத்தையுங் காணாது, ஓட்டியவரையுங் காணாது, நின்ற காரை மட்டுங் கண்டு எழுதப்படுஞ் சீட்டு அது. வாகனத்தை நிறுத்தியவர் யாரென அறிய முடியாத வழக்குகள் பெருகவே, 1974ஆம் ஆண்டின் சட்டம் அத்தகைய தண்டங்களுக்கு உரிமையாளரையே பொறுப்பாளியாக்கியது. எண்பிக்கும் பாரம் இவ்வாறு மெல்ல மெல்ல இடம்பெயர்ந்தது.

இப்பிரச்சினை மிகத் தெளிவாக வெளிப்பட்டது ஸ்கொட்லாந்து வழக்கொன்றிலாகும். 1999 ஜூனில், டன்பேர்ம்லின் நகரப் பேரங்காடியொன்றில் மதுப்போத்தல் திருடியதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்ணிடம் மதுவாடை வீசுவதைப் பொலிசார் உணர்ந்தனர். அவர் கார் ஓட்டியதை அவர்கள் காணவில்லை. எவ்வாறு வந்தீர் என வினவியபோது, காரில் வந்ததாக அவர் கூறினார். 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 172ஆம் பிரிவின் கீழ் ஓட்டியவர் யாரெனக் கூறும்படி அவர் வேண்டப்பட்டார், கூறாதிருப்பதே குற்றம். தாமே ஓட்டியதாக அவர் கூறினார். கட்டாயத்தின்பேரிற் பெறப்பட்ட அவ்விடையை அவருக்கு எதிராகப் பயன்படுத்தலாமா? ஸ்கொட்லாந்தின் உயர் குற்றவியல் நீதிமன்றம் ஆகாதென்றது. 2000 டிசம்பரிற் பிரிவிக் கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றி, ஆகும் என்றது. வீதி மரணங்கள் பாரதூரமான சமூகப் பிரச்சினை என்பதும், வினவப்படுவது குறுகிய வினா ஒன்றே என்பதும், கார் வைத்திருப்போர் அதற்கான கட்டுப்பாடுகளை அறிந்தே ஏற்கின்றனர் என்பதும் அதன் நியாயங்கள். வேகக் கமரா தொடர்பான வழக்குகளில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேராயமும் 2007 ஜூனில் 15க்கு 2 என்ற பெரும்பான்மையால் இவ்வழியையே பின்பற்றியது.

இந்நியாயங்களை இலேசாகத் தள்ளிவிட முடியாது. வீதியில் மாள்வோரிற் பெரும்பகுதியினர் காருக்குள் இருந்து சட்டம் பேசுவோரல்லர். ஆனால் தருக்கத்தின் போக்கை அவதானித்தல் வேண்டும். 1903இற் பொலிஸ்காரரின் கண் போதாது என்றது சட்டம். 1950இற் கண்ணுக்குத் துணையாகக் கருவி வந்தது. 1992இற் கண் நீங்கிக் கருவி மட்டும் நின்றது. 2000இற் கண்டவர் இல்லாதவிடத்து எதிரியே கண்டவராக்கப்பட்டார்.

7. இலங்கையில் இவ்விதிகளின் வழி

குடியேற்ற ஆட்சி இவ்விரு மரபுகளையும் இலங்கைக்குக் கொண்டுவந்தது. 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் ஆங்கிலச் சட்டத்தின் வகைப்பாடுகளையே பின்பற்றியது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், ஜேம்ஸ் பிற்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டத்தை அடியொற்றியது. காணக்கூடிய நேர்வொன்றைப் பற்றிய வாய்மொழிச் சான்று, தாம் அதனைக் கண்டதாகக் கூறும் சாட்சியினுடையதாக இருத்தல் வேண்டும் என்கிறது அதன் 60ஆம் பிரிவு. விபத்தின்பின் வந்த உத்தியோகத்தர் சக்கரத் தடத்தையும் வாகனங்கள் நின்ற நிலையையும் பற்றித் தாம் கண்டதைக் கூறலாம். காணாத ஓட்டத்தைக் கண்டதாகக் கூறவியலாது. அதேவேளை, எந்நேர்வை எண்பிப்பதற்கும் குறித்த எண்ணிக்கையான சாட்சிகள் வேண்டியதில்லை என்கிறது 134ஆம் பிரிவு. எண்ணிக்கையன்று, நேரடித்தன்மையே இங்கு அடிப்படை.

பொலிஸ் உத்தியோகத்தரிடஞ் செய்யப்பட்ட குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக எண்பிக்கலாகாது என்னும் 25ஆம் பிரிவு இன்னும் கருத்தூன்றி நோக்கத்தக்கது. குடியேற்ற ஆட்சி தனது சுதேசப் பொலிசாரை முற்றாக நம்பவில்லை. அந்நம்பிக்கையின்மையிலிருந்து பிறந்த விதி ஆளப்பட்டோருக்குக் கேடயமாயிற்று. ஆள்வோரின் தேவைக்காக ஆக்கப்பட்டதொன்று அவர்கள் எண்ணாத பயனை அளித்தமைக்கு இது தக்க சான்று. அக்கேடயம் எத்துணை பெறுமதியுடையது என்பது, அது நீக்கப்பட்டபோதே வெளிப்பட்டது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத உத்தியோகத்தரிடம் அளிக்கப்பட்ட கூற்றைச் சான்றாக ஏற்றதோடு, அது ஏற்கத்தகாதது என எண்பிக்கும் பாரத்தையும் எதிரியின் மேலேயே சுமத்தியது. அச்சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டோரிற் பெரும்பாலோர் தமிழ் இளைஞர் என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. தண்டச் சீட்டும் தடுப்புக் காவலும் ஒரே எடையின அல்ல. அவற்றைச் சமப்படுத்துவது ஆராய்ச்சியாகாது. ஆயினும் கண்டவர் இல்லாதவிடத்து எதிரியையே சாட்சியாக்கும் தருக்கம், 10 பவுண் தண்டத்தில் ஏற்கப்பட்டபின் எவ்விடத்தில் நிற்கும் என்பது நியாயமான வினாவேயாகும்.

முடிவுரை

மேற்காட்டிய வரலாற்றிலிருந்து இருவகை முடிவுகளுக்கு வரலாம். சாட்சிய விதிகள் ஆளும் வர்க்கத்தின் கருவிகள், ஆதலால் அவற்றில் நமக்கு அக்கறையில்லை என்பது ஒன்று. இது மார்க்சியத்தைப் பொறிமுறையாகக் கையாள்வதன் விளைவு. மற்றைய முடிவு ஈ. பி. தொம்சன், 1723ஆம் ஆண்டின் கறுப்புச் சட்டத்தை ஆராய்ந்து 1975இல் வெளியிட்ட நூலின் இறுதியில் வந்தடைந்ததாகும். சட்டம் ஆள்வோரின் நலனைப் பேணிற்று. ஆனால் அவ்வாறு பேணுவதற்கு அது நியாயமானதாகத் தோன்ற வேண்டியிருந்தது. தோன்றுவதற்கு இடைக்கிடை உண்மையாகவே நியாயமாக நடக்கவும் வேண்டியிருந்தது. அதிகாரத்துக்கு எல்லையிடும் விதிகள் வெறும் மாயையல்ல என அவர் வலியுறுத்தினார்.

ஒரு பொலிஸ்காரரது அபிப்பிராயம் போதாது என்ற விதி கார் வைத்திருந்த கனவான்களுக்காகப் பிறந்தது. அதன் பிறப்பை மறைப்பது வரலாற்றுக்குத் துரோகம். ஆனால் பொதுமை வடிவில் எழுதப்பட்ட விதியைப் பின்னர் பொதுமையாகக் கோரலாம். வெறுஞ் சந்தேகத்தின்பேரிற் கைதுசெய்ய இடமளித்த 1824ஆம் ஆண்டுச் சட்ட ஏற்பாட்டின் கீழ் 1970களிற் பிரித்தானிய நகரங்களின் கறுப்பின இளைஞர் பெருந்தொகையாகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். பல வழக்குகளிற் பொலிசாரின் கூற்றன்றிச் சுயாதீனமான சாட்சியம் வேறெதுவும் இருக்கவில்லை. தொடர்ந்த மக்கள் போராட்டத்தின் விளைவாக அவ்வேற்பாடு 1981இல் நீக்கப்பட்டது. காரோட்டிக்கு 1903இற் கிடைத்த ஐயத்தின் பயன், வீதியில் நடந்தவனுக்குக் கிடைக்க மேலும் 78 ஆண்டுகள் சென்றன.

ஆகவே, தாங் காணாத ஓட்டத்துக்கு உத்தியோகத்தர் எழுதிய சீட்டை எதிர்த்து நீதவான் முன் நிற்கும் ஒருவர், தாம் அறியாமலே நீண்டதொரு வரலாற்றின் ஒரு முனையில் நிற்கிறார். அவர் வேண்டுவது சலுகையன்று. கண்டவர் முன்வந்து கண்டதைக் கூறட்டும் என்பதே. அதனைக் காருடையவருக்கு வழங்கியபோது சட்டம் அதனை நியாயம் என அழைத்தது. அந்நியாயத்தைக் காரில்லாதவரும் கேட்கும்போது அதனை வேறு பெயரால் அழைக்க இடமளிக்கலாகாது.